அட்வான்ஸுக்கு முன்னால் பத்திரம்: அப்பாவின் வீட்டை விற்ற அனுபவம்

2014 ஆவணியில் குரோம்பேட்டையில் ஒரு பழைய தனி வீட்டுக்கு 2 லட்சம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். நல்ல நேரம் பார்த்து, வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தோம். அதுவரை அந்த வீட்டின் பத்திரத்தில் நான் பார்த்தது முதல் இரண்டு பக்கங்களின் ஜெராக்ஸ் மட்டும்தான். "அட்வான்ஸ் போட்டுட்டு முழு செட்டையும் வாங்கிக்கலாம் சார், அதான் வழக்கம்" என்றார் புரோக்கர். வழக்கம்தான். எங்கள் குடும்பத்தில் வீடு வாங்கிய எல்லோரும் அப்படித்தான் வாங்கியிருந்தார்கள்.

முழு செட் கைக்கு வந்து, வக்கீல் படித்து முடிக்க 20 நாள் ஆனது. வீடு விற்பவரின் அம்மா பெயரில் இருந்திருக்கிறது. அம்மா போன பிறகு இரண்டு மகன்களும் பாகம் பிரித்து எழுதிக்கொண்டார்கள். ஒரு மகளும் உண்டு. அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. "அக்கா நல்லா இருக்காங்க, அவங்க கேட்க மாட்டாங்க" என்றார் விற்பவர். அக்கா கேட்டார். ஆறு மாதம் இழுத்து, கடைசியில் என் அட்வான்ஸ் நான்கு தவணையாகத் திரும்பி வந்தது, 40,000 ரூபாய் குறைவாக. அந்த ஆறு மாதத்தில் எங்களுக்குப் பிடித்த இன்னொரு வீடு கைநழுவிப்போனது. அந்த மனிதரை ஏமாற்றுக்காரர் என்றே நான் பல வருஷம் சொல்லிவந்தேன்.

2022-ல் அதே ஓட்டை எங்கள் வீட்டுப் பத்திரத்திலும் இருப்பது தெரிந்தது.

அப்பா 1984-ல் திருச்சி கே.கே. நகரில் 1,800 சதுர அடி மனை வாங்கி, கூட்டுறவு வீட்டுக் கடனில் வீடு கட்டினார். 2009-ல் காலமானார். அம்மா தனியாக அங்கேயே இருந்தார். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் சென்னைக்கு எங்களோடு வந்துவிட்டார். வீட்டை விற்கலாம் என்று முடிவானபோது, எடின்பரோவில் இருக்கும் என் தங்கையிடம் பேசினேன். அவள் அங்கே வீடு வாங்கிய கதையைச் சொன்னாள். ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பரிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: பெரும்பாலான வீடுகளை விற்பனைக்கு வைக்கும் முன்பே விற்பவர் தன் செலவில் 'ஹோம் ரிப்போர்ட்' தயார் செய்ய வேண்டும். தகுதி பெற்ற சர்வேயர் வீட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய நிலை அறிக்கையும் மதிப்பும் அதில் இருக்கும். மின்சாரம், எரிவாயு எவ்வளவு செலவாகும் என்ற ஆற்றல் அறிக்கை இருக்கும். வீட்டில் என்னென்ன மாற்றம் செய்தோம், அனுமதி வாங்கினோமா என்று விற்பவர் தாமே நிரப்பிய கேள்வித்தாளும் இருக்கும். வாங்க நினைக்கிறவர் அதைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு விலை சொல்கிறார்.

இதைக் கேட்டபோது குரோம்பேட்டைதான் ஞாபகம் வந்தது. நம் ஊரில் விற்பவர் கையில்தான் எல்லாக் காகிதமும் இருக்கின்றன. துப்பறிகிற வேலை மட்டும் வாங்குபவர் தலையில். அதுவும் பணத்தைக் கொடுத்த பிறகு, ஒப்பந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது. ஒரே வீட்டை மூன்று பேர் அடுத்தடுத்துப் பார்த்தால் மூன்று பேரும் தனித்தனியாக வில்லங்கம் (அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) எடுத்து, தனித்தனி வக்கீலுக்குக் கொடுத்து, ஒரே ஓட்டையை மூன்று முறை கண்டுபிடிக்கிறார்கள். முதலில் கண்டுபிடித்தவர் அட்வான்ஸைத் திரும்ப வாங்கப் போராடுகிறார். மற்றவர்களுக்கு அது தெரியவே தெரியாது. அப்பாவின் வீட்டை அப்படி விற்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அட்வான்ஸுக்கு முன்பே எல்லாக் காகிதமும் ஒரு கோப்பில் இருக்க வேண்டும், உண்மையாக வாங்க வருகிறவர் எவரும் அதைப் படிக்கலாம் என்பது ஏற்பாடு.

கோப்பு தயாராக ஏழு மாதம் ஆனது. இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

முதலில் 1984-லிருந்து வில்லங்கச் சான்று எடுத்தேன். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதில் அப்பா 1985-ல் கூட்டுறவுச் சங்கத்துக்கு எழுதிக்கொடுத்த அடமானம் அப்படியே நின்றது. கடன் 1999-லேயே முடிந்துவிட்டது. மூலப் பத்திரம் எங்கள் பீரோவில்தான் இருக்கிறது. ஆனால் கடன் தீர்ந்தது என்று சங்கம் எழுதிக்கொடுத்து அதைப் பதிவு செய்கிற ரசீதுப் பத்திரத்தை யாரும் போடவில்லை. வில்லங்கத்தைப் பொறுத்தவரை அந்த வீடு இன்னும் அடமானத்தில் இருக்கிறது! வங்கியில் வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். கடன் முடிந்ததும் அசல் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் வேலை முடியவில்லை. அசல் பத்திரத்தைக் கடனுக்கு ஈடாக வங்கியிடம் வைத்ததைச் சொல்லும் பத்திர ஒப்படைப்பு ஆவணம் பதிவாகியிருந்தால் அதற்கும் ரசீது பதிவு செய்ய வேண்டும். கடனைக் கட்டி முடித்த 30 நாளுக்குள் வங்கி அசல் ஆவணங்களைத் தந்துவிட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது. அது டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. எங்களுடையது பழைய கூட்டுறவுக் கடன். சங்கத்தில் அந்தக் காலத்துக் கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கையெழுத்து வாங்க நான்கு மாதம் நடந்தேன். அப்பா கட்டிய கடைசித் தவணையின் ரசீதை அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். அது இல்லையென்றால் இன்னும் நடந்துகொண்டிருப்பேன்.

பெரிய விஷயம் அடுத்து வந்தது. அப்பா உயில் எழுதவில்லை. 2009-லேயே வாரிசுச் சான்று வாங்கிவிட்டோம், அதனால் கவலையில்லை என்று வக்கீலிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு, "உங்க அப்பாவோட அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார். பாட்டி 2013-ல் லால்குடியில் காலமானார் என்றேன். அவர் சான்றிதழைத் திருப்பி என்னிடம் காட்டினார். மனைவி, மகன், மகள், அதற்குக் கீழே நான்காவது வரியில் பாட்டியின் பெயர்.

1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஆண் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் அவருடைய சுயார்ஜித (தானே சம்பாதித்த) சொத்தில் மனைவி மக்களோடு அம்மாவுக்கும் சம பங்கு உண்டு. அப்பா இறந்த அன்றே வீட்டில் கால் பங்கு பாட்டிக்கு வந்துவிட்டது. பாட்டியும் உயில் எழுதாமல் போனதால் அந்தக் கால் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகிறது: சித்தப்பாவுக்கு ஒரு பங்கு, அத்தைக்கு ஒரு பங்கு, அப்பாவின் பங்கு எனக்கும் தங்கைக்கும். அதாவது மொத்த வீட்டில் பன்னிரண்டில் ஒரு பாகம் சித்தப்பாவுடையது, பன்னிரண்டில் ஒரு பாகம் அத்தையுடையது. 13 வருஷமாக அந்தக் காகிதம் எங்கள் பீரோவில் இருந்தது. ஒருவரும் நான்காவது வரியை யோசிக்கவில்லை.

குரோம்பேட்டைக்காரரை அன்று ராத்திரி நினைத்துக்கொண்டேன். அவர் அக்காவை மறைத்தார் என்று நினைத்திருந்தேன். நானும் சித்தப்பாவை, அத்தையை ஒருவரிடமும் சொல்லாமல்தான் அந்த வீட்டை விற்றிருப்பேன், கொஞ்சமும் கெட்ட எண்ணம் இல்லாமல். அப்பாவோ தாத்தாவோ உயில் எழுதாமல் போன வீடு உங்களிடம் இருந்தால், விற்கிற எண்ணமே இல்லாவிட்டாலும், இறந்த நாளில் யார் யார் உயிரோடு இருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வக்கீலிடம் காட்டுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். அவர்கள் போய்விட்டால் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று கையெழுத்துகள் பெருகிக்கொண்டே போகும்.

அம்மாவுக்கு இதை ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது. "நகையை அடகு வெச்சு நானும் உங்க அப்பாவும் கட்டின வீடுடா" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் சட்டம் கொடுத்த பங்கைப் பேசாமல் கையெழுத்து மட்டும் வாங்கிவருவது எனக்குச் சரியாகப் படவில்லை. சித்தப்பா வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நேரில் போய், கணக்கை எழுதிக் காட்டினேன். சித்தப்பா, "அண்ணன் வீட்டுல எனக்கு என்னடா பங்கு" என்று முதலில் மறுத்தார், பிறகு சம்மதித்தார். அத்தை நேராகச் சொன்னார்: "எங்க அம்மா பங்குன்னா நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்ப்பா." அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பேரும் விற்பவர்களாகவே பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்துப் போடுவது, அவரவர் பங்கு அவரவர் பெயருக்கே காசோலையாக வருவது என்று முடிவாயிற்று. பாட்டிக்கு லால்குடியில் வாரிசுச் சான்று வாங்க இன்னும் இரண்டு மாதம்.

மற்றவை அவ்வளவு இழுக்கவில்லை. பட்டா அப்பா பெயரில்தான் இருந்தது, எங்கள் பெயருக்கு மாற்றினோம். சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு எல்லாவற்றிலும் பெயர் மாற்றம். உரிமம் பெற்ற நில அளவையரை வைத்து மனையை அளந்தோம். பத்திரத்தில் 1,800 சதுர அடி, நிலத்தில் 1,764. தெருப்பக்கம் சாலையில் கொஞ்சம் போயிருக்கிறது. கோப்பில் 1,764 என்றே எழுதினேன்.

தங்கை அங்கிருந்தே எனக்கு பவர் (அவள் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) கொடுத்தாள். எடின்பரோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பிய பத்திரத்துக்கு, அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்; இந்தக் கெடுவைப் பலர் தவறவிடுகிறார்கள். வெளிநாட்டில் வசிப்பவர் விற்பவராக இருந்தால் வரிப் பிடித்தமும் வேறு. உள்நாட்டில் இருப்பவரிடம் 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வீட்டை வாங்கினால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக் கட்டினால் போதும். வெளிநாட்டில் இருப்பவரின் பங்குக்கு அதைவிடப் பல மடங்கு பிடிக்க வேண்டும், அதற்கென்று வரிப் பிடித்த எண்ணும் அப்போது வாங்க வேண்டியிருந்தது. குறைத்துப் பிடிக்க வருமான வரித் துறையில் சான்றிதழ் கேட்கலாம். ஆனால் வாங்குபவர் யார் என்று தெரிந்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும், வர வாரக்கணக்கில் ஆகும். அதனால் இதையும் ஒரு தாளில் எழுதி, ஆடிட்டர் தொலைபேசி எண்ணோடு கோப்பில் வைத்தேன். பதிவுக்கு முந்தின வாரம் இதைக் கேள்விப்படுகிற வாங்குபவர் பயந்துபோவது இயல்பு.

பிறகு குறைகளை எழுதிய தாள். தெரிந்த கொத்தனாரையும் எலக்ட்ரீஷியனையும் கூட்டிப்போய் ஒரு நாள் முழுக்க வீட்டைப் பார்த்தோம். பின்கட்டு நிலைக்கதவில் கரையான். மழைக்காலத்தில் குளியலறைச் சுவரில் ஓதம். மே மாதத்தில் போர்வெல் தண்ணீர் அரை மணி நேரத்துக்கு மேல் வராது. 1996-ல் அப்பா மாடியில் கட்டிய அறைக்கு வரைபட அனுமதி கிடையாது. இது எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில், அம்மாவின் கையெழுத்தோடு வைத்தோம். வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்ல வேண்டும் என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆவது பிரிவே சொல்கிறது. 140 வருஷமாகச் சட்டத்தில் இருப்பதை நாம் நடைமுறையில் வைத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் விலை. பக்கத்து மனைகள் என்ன விலைக்குப் போயின என்று தெரிந்துகொள்ள அவற்றின் சர்வே எண்களுக்கும் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், அதில் பத்திரத்தில் எழுதிய தொகை வரும். பார்த்தால் எல்லாத் தொகையும் பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே இருந்தது. தெருவில் கேட்டால் விற்றவர்களே வேறு தொகை சொல்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எந்த வீடு என்ன விலைக்கு விற்றது என்று 1995 முதல் உள்ள தகவலை நிலப் பதிவகம் இலவசமாக வெளியிடுகிறது. நம்மிடமும் தகவல் இருக்கிறது, ஆனால் அது உண்மைத் தொகை இல்லை. ஒருவர் பத்திரத்தில் குறைத்து எழுதும்போது அரசுக்கு வரி நஷ்டமாவதை மட்டும்தான் பேசுகிறோம். அந்தத் தெருவில் அடுத்து வீடு வாங்க வருகிற அத்தனை பேருக்கும் சரியான விலை தெரியாமல் போவது அதனால்தான். நான் கடைசியில் வங்கிகளுக்கு மதிப்பீடு செய்துதரும் பொறியாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து அறிக்கை வாங்கினேன். அதையும் கோப்பில் வைத்து 85 லட்சம் என்று விலை சொன்னேன்.

2023 ஆகஸ்டில் கோப்பில் 30 தாள்கள் சேர்ந்திருந்தன. புரோக்கர்களிடம் சொன்னபோது பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கவில்லை. "தம்பி, கரையானையும் அத்தை பங்கையும் முதல்லயே சொன்னா பார்ட்டி ஓடிடும்" என்றார் ஒருவர். ஓடத்தான் செய்தார்கள். முதல் மூன்று பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததோடு சரி. நான்காவதாக வந்தவர் 85-க்கே சம்மதித்தார், ஆனால் பத்திரத்தில் 50 எழுதலாம், மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்றார். வீடு விற்பதில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் உண்டு. சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் கணக்கு எழுதிக் காட்டிவிட்டு அதை நான் எப்படிச் செய்வேன்? வேண்டாம் என்றேன். அடுத்த இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "யாராச்சும் போன் பண்ணாங்களா" என்று கேட்பார். அந்த இரண்டு மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. இந்த வழியில் போகிறவர்கள் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். அவசரமாகப் பணம் தேவைப்படுகிறவருக்கு இது கஷ்டமான வழி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நவம்பரில் ஒரு தம்பதி வந்தார்கள். அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறார், அவர் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. கோப்பின் நகலைக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் அவர்கள் பெயரும் தேதியும் குறுக்கே அச்சிட்டிருக்கும். பத்திர ஜெராக்ஸை வைத்து ஆள்மாறாட்டம் செய்கிறவர்கள் இருக்கும் ஊரில் நகல் கொடுக்கப் பயப்படுவது நியாயம், அதனால் இந்த ஏற்பாடு. அசலை எங்கள் வீட்டில், எங்கள் முன்னால் பார்க்கலாம். அந்த ஆசிரியை ஒரு வாரம் கழித்துப் பென்சில் குறிப்புகளோடு வந்து உட்கார்ந்தார். கரையானுக்கும் ஓதத்துக்கும் கொத்தனாரிடம் மதிப்பீடு வாங்கியிருந்தார், மாடி அறைக்கு வங்கி மதிப்புப் போடாது என்பதும் தெரிந்திருந்தது. 85 லட்சம் 82 ஆனது. என் தாளை வைத்தே என்னிடம் குறைத்தார். அந்த 3 லட்சம் எனக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது சரியான விலை.

அட்வான்ஸ் 1 லட்சம் போதும் என்றோம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்தோம். உரிமையில் ஏதாவது குறை சொல்லி வங்கி கடன் மறுத்தால் 15 நாளில் முழுப் பணமும் திரும்பும், அவர்களாக மனம் மாறினால் 25,000 மட்டும் பிடிப்போம் என்று எழுதினோம். இந்த இரண்டு வரி குரோம்பேட்டையில் எனக்கு இருந்திருந்தால் ஆறு மாதம் அலைந்திருக்க வேண்டாம். எங்கள் வக்கீலின் கருத்துரை கோப்பிலேயே இருந்தாலும் வங்கி தன் வக்கீலிடம் மறுபடி கேட்டது. அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அவர் நான்கு நாளில் முடித்துவிட்டார்.

82 லட்சத்தையும் பத்திரத்தில் எழுதியதால் அவர்களுக்குச் செலவு கூடத்தான் செய்தது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023 ஏப்ரலில் குறைத்த பிறகும் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் சேர்த்து 7 லட்சத்து 38 ஆயிரம் ரூபாய். இதற்கு வங்கி கடன் தராது, கைக்காசுதான். மாதச் சம்பளக்காரர்கள் இதைச் சேர்க்கிற பாட்டைப் பார்த்தபோது, பத்திரத்தில் குறைத்து எழுதுகிறவர்கள் எல்லோரையும் பேராசைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மை விலையை எழுத வேண்டும் என்று அரசு விரும்பினால் இந்தத் தீர்வையைக் குறைக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

2024 பிப்ரவரியில் பதிவு. அத்தை ஆட்டோவில் வந்து இறங்கினார், சித்தப்பா கோவையிலிருந்து முதல் நாளே வந்துவிட்டார். சார்பதிவாளர் முன் வரிசையாக நின்று கைரேகை வைத்தோம். அங்கே நின்றபோது ஒன்று உறைத்தது: அந்த அலுவலகம் பதிவு செய்வது பத்திரத்தை மட்டும்தான். விற்கிறவருக்கு உரிமை இருக்கிறது என்று அரசு உறுதி தருவதில்லை. 1858-லேயே தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறையில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று அரசே உத்தரவாதம் கொடுக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அந்த முறைதான். அது இங்கே வரும்வரை, பாட்டியின் கால் பங்கைப் போன்றவற்றைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வக்கீலும், தேடத் தயாராக இருக்கிற விற்பவரும்தான் வழி.

சாவியோடு அந்தக் கோப்பையும் அசல் பத்திரங்களையும் அந்த ஆசிரியையிடம் கொடுத்தோம். என் அம்மா தனியாக ஒரு தாளில் மோட்டார் சுவிட்ச் எது, மழை பெய்தால் மாடியில் எந்தக் குழாய் அடைக்கும் என்றெல்லாம் எழுதி உள்ளே வைத்திருந்தார். ஜூனில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பட்டா கணவன் மனைவி இருவர் பெயருக்கும் மாறியிருந்தது. கீழே அந்த ஆசிரியை எழுதியிருந்தார்: "நிலைக்கதவு மாத்தியாச்சு சார். பில்லையும் பட்டாவையும் கோப்புல சேத்துட்டேன். இப்ப 33 தாள்."